வெள்ளவத்தை பிளட்டுக்கு எந்தக் கிளி?

போன மாதம் அக்காவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "தம்பி, பிள்ளை கிளி கேட்டு நச்சரிக்கிறாள். எந்தக் கிளி கன நாள் இருக்கும்?"

நான் மிருக வைத்தியன் இல்லை. இருபது வருடத்துக்கும் மேலாக என் வீட்டில் ஏதோ ஒரு பறவை இருந்துகொண்டே இருப்பதால், குடும்பத்தில் இந்த இலாகா எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. பதிலை ஒரு வரியில் முடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. இதே கேள்வியோடு கொழும்பில் இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால், அக்காவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் வீட்டைச் சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஐந்தாம் மாடி. இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு கதிரை போட்டால் நிறைந்துவிடும் பால்கனி. அக்காவுக்கு 43 வயது. அத்தான் காலை ஏழரைக்குப் போனால் இரவு ஏழுக்குத்தான் வருவார். மருமகளுக்கு 11. அம்மாவுக்கு 70, மழைக்காலத்தில் மூச்சு முட்டு வரும். கனடா விண்ணப்பம் ஒன்று இரண்டு வருடமாகக் கிடப்பில் கிடக்கிறது. அக்காவுக்கு முன்னால் இருந்த தெரிவுகள் நான்கு: கடையில் சோடியாக விற்கும் சின்னக் கிளிகள், ஒரு கொக்கடீல், தெரிந்தவர் ஒருவர் ஊரிலிருந்து பிடித்துத் தருவதாகச் சொன்ன பச்சைக்கிளி, அப்புறம் அவுஸ்திரேலியா போகப்போகிற மேல்மாடிக் குடும்பம் சும்மாவே தருவதாகச் சொன்ன 14 வயது ஆபிரிக்கன் கிறே என்ற சாம்பல் கிளி. கடைசியில் சொன்னதில்தான் அக்காவுக்கு ஆசை என்பது அவள் எழுதிய விதத்திலேயே தெரிந்தது.

வயதுக் கணக்கில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதை முதலில் தீர்த்துவிடலாம். எட்டக்கூடிய வயது ஒன்று, உண்மையில் எட்டுகிற வயது இன்னொன்று. சிக்காகோவின் புரூக்பீல்ட் மிருகக்காட்சிசாலையில் குக்கி என்ற கொக்கட்டூ இனக் கொண்டைக்கிளி 2016இல் இறந்தபோது அதற்கு 83 வயது. 1934இல் அந்தச் சாலை திறந்தபோதே வந்து சேர்ந்த பறவை அது. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர்கள் "அறுபது வருடம் இருக்கும் ஐயா" என்கிறார்கள். ஆனால் மிருகக்காட்சிசாலைப் பதிவேடுகளை வைத்து 217 கிளி இனங்களின் ஆயுளைக் கணக்கிட்ட ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. அதில் பெரிய சிவப்பு மக்காவுக்கே சராசரி ஏறக்குறைய 30 வருடம்தான். சின்ன அத்திக்கிளி இனம் ஒன்றுக்கு இரண்டே வருடம். உடம்போடு ஒப்பிட்டால் மூளை பெரிதாக உள்ள இனங்கள் கூடுதல் காலம் வாழ்கின்றன என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. ஆகவே கீழே நான் சொல்லும் எண்களை, ஒழுங்காக வளர்த்தால் எதிர்பார்க்கக்கூடிய வயது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒழுங்கில்லாமல் வளர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது ஒரு பச்சைக்கிளி இருந்தது. தேத்தண்ணியில் தோய்த்த பாண், பிஸ்கட், எங்கள் தட்டில் மிஞ்சிய சோறு, இதுதான் அதன் சாப்பாடு. சிறகை விரிக்கக்கூட இடமில்லாத தகரக் கூண்டு. நாலாம் வருடம் ஒரு விடியற்காலை கூண்டின் அடியில் விழுந்து கிடந்தது. "அதுக்கு வயசு போயிட்டுது" என்றார் அப்பா, நாங்களும் நம்பினோம். அந்த இனம் 25 வருடத்துக்கு மேலும் இருக்கக்கூடியது என்று நான் அறிந்துகொண்டபோது எனக்கே முப்பது தாண்டிவிட்டது.

சரி, சின்னதிலிருந்து தொடங்குவோம்.

கொழும்பில் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது கடையில் கையில் கொடுப்பது பட்ஜி என்கிற பட்ஜரிகார். அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்காவைச் சேர்ந்தது. குட்டை வால், தடித்த சொண்டு, கொஞ்சம் சண்டைக்குணம், வயது 10 முதல் 15 வரை. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. பிள்ளையின் விரலைக் கடித்து இரத்தம் எடுத்துவிட்டால் அன்றைக்கே பாசம் முடிந்துவிடும்.

பட்ஜிக்கு 5 முதல் 10 வருடம். ஏழெட்டு வருடம் என்று மனதில் வைப்பது நியாயமான கணக்கு. கட்டிகள் வந்து சாவது இந்த இனத்தில் சாதாரணம், வளர்ப்பவரின் கவனம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆனாலும் லண்டனில் ஒரு பட்ஜி 1977இல் இறந்தபோது அதற்கு 29 வயது. பேசாது என்று நினைப்பதும் தவறு. கலிபோர்னியாவில் 1994இல் இறந்த பக் என்ற ஆண் பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரிந்திருந்ததாகக் கின்னஸ் பதிவு இருக்கிறது. நம் வீட்டுப் பட்ஜி இரண்டு சொல் சொன்னாலே பெரிய விஷயம், அது வேறு கதை.

மருமகளின் கணக்கில் போட்டுப் பார்த்தால், இன்று வாங்கும் பட்ஜி அவள் உயர்தரப் பரீட்சை எழுதுகிற காலத்தில் போய்விடும். இதைக் கேட்டதும் அக்கா முகம் சுளித்தாள். "படிக்கிற நேரத்தில அழுதுகொண்டு இருப்பாளே." இருக்கலாம். நான் இதைக் குறையாக நினைக்கவில்லை. எட்டு வருடம் ஒரு உயிரைப் பார்த்துக்கொண்ட பிள்ளை அது போகும்போது அழத்தான் வேண்டும்.

கொக்கடீலை எங்கள் பக்கத்தில் "கொக்டெயில்" என்றுதான் பலர் சொல்வார்கள். தலையில் கொண்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு. வயது 15 முதல் 20 வரை. இருபத்தைந்தைத் தொட்டதும் உண்டு. நான் அதிகம் வளர்த்த பறவை இதுதான், ஆகவே என் பேச்சில் கொஞ்சம் பட்சபாதம் இருக்கும். மாடி வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கிளியை நான் பார்த்ததில்லை. அலறாது, விசிலடிக்கும். ஆண் பறவை கேட்ட மெட்டைப் பழகிக்கொள்ளும். தோளில் உட்கார்ந்துகொண்டு தலையைச் சொறியச் சொல்லி வளைக்கும். மருமகளுக்கு 11 என்றால், அது போகும்போது அவளுக்கு முப்பதை ஒட்டிய வயது. அக்காவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும்.

இந்த "அக்காவுக்கு" என்பதைக் கவனிக்கவேண்டும். கிளி வாங்குவது பிள்ளைக்கு, வளர்ப்பது தாய். பத்தொன்பது வயதில் மருமகள் கம்பஸ் போவாள், அல்லது நாட்டை விட்டே போவாள். கூண்டு அங்கேயேதான் இருக்கும். ஆகவே கிளியின் வயதைப் பிள்ளையின் வயதோடு கூட்டிப் பார்ப்பது பாதிக் கணக்கு. காலையில் தண்ணீர் மாற்றப்போகிறவரின் வயதோடு கூட்டவேண்டும்.

கொக்கடீலில் இரண்டு சங்கடம். ஒன்று, இரவில் திடீரென்று வெருண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும் பழக்கம். இருட்டில் ஒரு சத்தம், ஒரு வெளிச்சம் போதும். 2022இல் மின்வெட்டு நாட்களில் என் பறவை இப்படி இரண்டு தடவை சிறகை இரத்தமாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு மின்கலத்தில் எரியும் சின்ன விளக்கொன்றைக் கூண்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். மற்றது தூசு. கொக்கடீல், கொக்கட்டூ, ஆபிரிக்கன் கிறே மூன்றும் உடம்பிலிருந்து வெள்ளைப் பவுடர் போல ஒன்றை உதிர்க்கும் இனங்கள். மேசையில் விரலால் கோடு போடலாம். நமக்கு அது துடைக்கிற வேலை மட்டும். முட்டு உள்ளவருக்கு அப்படி இல்லை. பட்ஜியிலும் தூசு இருக்கிறது, ஆனால் அந்த அளவு இல்லை.

பச்சைக்கிளி விஷயத்தை நான் அதிகம் பேசவிடவில்லை. கழுத்தில் வளையம் விழும் நம்மூர்க் கிளி 20 முதல் 30 வருடம் வாழும், நன்றாகப் பேசும், எல்லாம் உண்மை. பேரலெக்சாண்டரின் பெயரைக் கொண்ட பெரிய கிளி அதைவிடக் கூடவும் இருக்கும். இலங்கையில் இயற்கையாக வாழும் கிளி இனங்கள் ஐந்து. அதில் இரண்டு உலகில் வேறெங்கும் இல்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் நாட்டுப் பறவைகளில் பெரும்பாலானவற்றைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள். பொந்திலிருந்து எடுத்த குஞ்சு பையில் வந்து, பசியிலும் பயத்திலும் பாதி செத்துத்தான் கைக்கு வரும். அதன் முப்பது வருடத்தைப் பற்றி அப்போது பேசுவதில் அர்த்தமில்லை. மாலை ஐந்தரைக்கு விகாரமகாதேவிப் பூங்காப் பக்கம் போனால் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும். மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டச் சொன்னேன், செலவில்லை. ஒரு வீட்டுக்குள் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது மேல்மாடி ஆபிரிக்கன் கிறே.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். கிளி என்றால் சொண்டைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். இந்த இனத்துக்கு 40 முதல் 60 வருடம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பேர்க் என்ற ஆராய்ச்சியாளர் பழக்கிய அலெக்ஸ், நிறமும் வடிவமும் எண்ணும் சொல்லத் தெரிந்த அந்தப் புகழ்பெற்ற பறவை, 2007இல் 31 வயதில் திடீரென்று இறந்தது. அதை எல்லோரும் அகால மரணம் என்றுதான் சொன்னார்கள். முப்பத்தொன்று அகாலம் என்றால் பாருங்கள். மேல்மாடிப் பறவை 14 வயதில் இன்னும் பாதித் தூரம்கூடப் போகவில்லை. அது 45 வரை இருந்தால் அக்காவுக்கு 74.

வயதை விடவும் எனக்குப் பயம் அதன் மனது. கிறே ஒரு குடும்பத்தோடு, சில நேரம் அதில் ஒரே ஒரு ஆளோடு ஒட்டிக்கொள்ளும். பதினாலு வருடம் பார்த்த முகங்கள் ஒரு நாளில் காணாமல் போனால், இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளத் தொடங்குவது அபூர்வமில்லை. போன ஆட்களின் குரலில் கூப்பிடவும் செய்யும். யாரோ ஒரு அம்மா தன் மகனைக் கூப்பிட்ட அதே தொனியில், அந்த மகன் மெல்பனில் இருக்கும்போது, பறவை கூப்பிடும். அதைத் தினமும் கேட்டுக்கொண்டு சமைக்க ஒரு தனி மனம் வேண்டும்.

பத்திரமும் பார்க்கவேண்டும். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் நாடு கடந்த வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கைதான் சைட்டிஸ். 2016இல் ஜொகன்னஸ்பர்க்கில் நடந்த அதன் மாநாட்டில் ஆபிரிக்கன் கிறேயை மிகக் கடுமையான முதலாம் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். 2017 ஜனவரியிலிருந்து காட்டுப் பறவைகளின் நாடு கடந்த வியாபாரம் தடை. பறவை எப்படி, எந்தக் கடதாசியோடு வந்தது என்று கேட்காமல் கைநீட்டி வாங்கக்கூடாது. வனசீவராசிகள் திணைக்களத்தில் ஒரு தடவை விசாரிப்பது நல்லது. மேல்மாடிக்காரர் ஏன் தன்னோடு கொண்டுபோகவில்லை என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது: அவுஸ்திரேலியா வளர்ப்புக் கிளிகளை உள்ளே விடுவதில் மிகக் கடுமையான நாடு.

இது நம் ஆட்களுக்கு முக்கியமான விஷயம். கொழும்புத் தமிழ் வீடுகளில் பாதிக்கு ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஒரு கால் இருக்கிறது. கிளி இனங்கள் ஏறக்குறைய எல்லாமே சைட்டிஸ் பட்டியல்களில் உள்ளவை. எல்லை தாண்ட அனுமதிப்பத்திரம் வேண்டும். விதிவிலக்கு நான்கே நான்கு: பட்ஜி, கொக்கடீல், ரோஜாமுக லவ் பேர்ட், வளையக் கழுத்துப் பச்சைக்கிளி. அந்த நான்கையும் சும்மா கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. போகும் நாட்டின் இறக்குமதி, சுகாதார விதிகள் தனியாக இருக்கின்றன. ஒரு படி குறைவு, அவ்வளவுதான். அத்தானின் விண்ணப்பம் எப்போது அசையும் என்று யாருக்கும் தெரியாது. இலவு காத்த கிளியாக நாம் இருக்கும்போது இன்னொரு கிளியையும் சேர்த்துக் காக்க வைக்க வேண்டுமா?

மக்காவ், கொக்கட்டூ பற்றி அத்தான் ஒரு கேள்வி கேட்டார், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் பார்த்த ஆசை. இரண்டு வரியில் முடித்தேன்: ஐம்பது வருடக் கடன், அதோடு பக்கத்து பிளட்காரர்களின் முறைப்பாடு. சர்ச்சிலின் மக்காவ் நூறு வயது தாண்டி உயிரோடு இருப்பதாக ஒரு செய்தி 2004இல் உலகமெல்லாம் சுற்றியது. சர்ச்சிலின் மகளே அப்படி ஒரு மக்காவ் வீட்டில் இருந்ததில்லை என்று சொல்லிவிட்டார். நூறு வயதுக் கிளிக் கதைகளை இந்த ஒன்றை நினைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

எந்தப் பறவையை எடுத்தாலும், அந்த எண்ணை எட்ட வைப்பது அல்லது பாதியில் நிறுத்துவது வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள்தான். என் அனுபவத்தில் முதல் எதிரி சீலிங் ஃபேன். பறவை வெளியே வந்தால் ஃபேன் நிற்கவேண்டும், இதில் தர்க்கம் கிடையாது. அடுத்தது ஒட்டாத பூச்சுப் போட்ட சட்டி. அடுப்பில் மறந்துபோய் அளவுக்கு மீறிச் சூடானால் வரும் புகை மனிதனுக்கு இருமல், பறவைக்குச் சில நிமிடத்தில் மரணம். அக்காவின் சமையலறையும் ஹோலும் ஒன்றுதான் என்பதால் இதை இரண்டு தடவை சொன்னேன். நுளம்புச் சுருள் கூடாது, சாம்பிராணியும் அந்த அறையில் வேண்டாம். பால்கனியில் கூண்டை வைத்துவிட்டு உள்ளே போகக்கூடாது, கொழும்புக் காகம் கம்பிக்கு வெளியே நின்றே காலைக் கவ்வும்.

சாப்பாட்டில் வெறும் தினையும் சூரியகாந்தி விதையும் போட்டால் ஈரல் கொழுத்து, விற்றமின் ஏ குறைந்து, வெளியே பார்க்க நன்றாகவே இருந்துகொண்டு ஒரு நாள் விழும். முருங்கை இலை, பொன்னாங்காணி, கரட், கொவ்வைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். கொச்சிக்காயும் கொடுக்கலாம், பறவைக்கு உறைப்புத் தெரியாது. மருமகள் இதைக் கேட்டுவிட்டுத் தன் சாப்பாட்டுத் தட்டில் ஒதுக்கி வைப்பதையெல்லாம் சேமிக்கத் தொடங்கிவிட்டாளாம். ஆனைக்கொய்யா, சொக்லேட், தேத்தண்ணி, உப்புப் போட்ட மிக்ஸர் நாலும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது. ஆனைக்கொய்யா நஞ்சு. மற்றது, கிளி நோயை மறைக்கும். இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்துவிட்டால் அது ஏற்கெனவே பல நாள் நோயாளி. "நாளைக்குப் பார்ப்போம்" என்று நான் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஆகவே வாங்குவதற்கு முன்பே, பறவை பார்க்கத் தெரிந்த மிருக வைத்தியர் பக்கத்தில் யார் என்று கேட்டு வைப்பது கூண்டு வாங்குவதைவிட முந்திய வேலை. நாய் பார்க்கிற எல்லோரும் கிளி பார்ப்பதில்லை.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் பிள்ளையும் நாற்பது வயதுத் தாயும் உள்ள சராசரி மாடி வீட்டுக்கு ஆண் கொக்கடீல் ஒன்று என்றுதான் எழுதியிருப்பேன். ஓய்வுபெற்ற தம்பதி என்றால் யாராவது விட்டுச்செல்கிற பத்து வயதுக் கொக்கடீல் இன்னும் பொருத்தம். பறவையின் மிச்சமும் அவர்களின் மிச்சமும் ஒத்துப்போகும். இந்த வீட்டுக்கு இரண்டு ஆண் பட்ஜிகள். காரணம் அம்மாவின் முட்டு, பிறகு கனடா. ஆண் இரண்டு என்றால் முட்டையும் இல்லை, முட்டை சிக்கிச் சாகும் பயமும் இல்லை. வளர்ந்த ஆணின் சொண்டுக்கு மேலே நீலமாக இருக்கும், பெண்ணுக்குப் பழுப்பு. சில நிறவகைகளில் இது பிசகும் என்பதால் கடைக்காரரிடம் திருப்பிக் கேட்கவேண்டும். காலில் மூடிய வளையம் இருந்தால் அதில் பிறந்த வருடம் இருக்கும். வளையம் இல்லாத வளர்ந்த பறவைக்கு "ஆறு மாதம்" என்று சொல்வது கடைக்காரரின் கற்பனை.

அக்கா இரண்டு நாள் பதில் போடவில்லை. கிறே கைநழுவியது மனதில் இருந்திருக்கும். அது இப்போது நுகேகொடையில் தோட்டத்தோடு உள்ள ஒரு வீட்டுக்குப் போய்விட்டது. மேல்மாடிப் பிள்ளைகள் ஒரு மாதம் அங்கே போய்வந்து பழக்கிவிட்டுத்தான் விமானம் ஏறினார்களாம். மூன்றாம் நாள் அக்கா கூண்டின் படம் அனுப்பினாள். அகலமானது, சமையலறைக்கு எதிர்ச் சுவரில், ஃபேனுக்குத் தள்ளி. உள்ளே இன்னும் ஒன்றும் இல்லை. பின்னாலேயே மருமகளின் குரல் செய்தி வந்தது.

"மாமா, லண்டன் பட்ஜி இருபத்தொன்பது வருசம் இருந்ததாமே. நான் தினமும் முருங்கை இலை குடுப்பன். அப்ப எனக்கு நாற்பது வயசு வரும், என்ன?"